பச்சை தெரியாத சித்திரக்காரி

முன்னே முன்னே, மாம்பழங்கள் மரத்திலிருந்தபடியே ஊர்க்கதை பேசிய காலத்தில், பவளக்கோட்டை என்றொரு ராஜ்ஜியம் இருந்தது. அதன் அரண்மனைச் சித்திரக்காரி கோமளவல்லி. அவள் குதிரை வரைந்தால் கொள்ளு வைக்கத் தோன்றும்! ஆனால் சிவப்பும் பச்சையும் அவள் கண்ணுக்கு ஒன்றுதான். புருஷன் சடையாண்டிதான் சாயக் கிண்ணம் எடுத்துக் கொடுப்பான்.

ஒருநாள் சடையாண்டி தண்ணீர் எடுக்கப் போன நேரம், மந்திரவாதி மாயகேது சபைக்கு வந்து, "என்னை வரை!" என்று உட்கார்ந்தான். அவளே கிண்ணம் எடுத்து வரைந்தாள். அச்சு அசலாக அவன் முகம்தான். உதடு மட்டும் பச்சை! சபை விழுந்து விழுந்து சிரித்தது.

மந்திரவாதிக்கு வந்ததே கோபம்! "உனக்குச் சாயம் கொடுப்பவனை இனி நீ பார்க்கவே மாட்டாய்!" என்று பிரம்பைச் சுழற்றினான். குடத்தோடு வந்த சடையாண்டி பச்சோந்தியாகி, முற்றத்துப் புங்கமரத்தில் ஏறி இலையோடு இலையாக மறைந்தான்.

"பொழுது சாய்வதற்குள் அவன் இருக்கும் இடத்தை மூன்றே முறை கைகாட்டலாம். தவறினால் அவன் என்றைக்கும் பச்சோந்திதான்!" என்றான் மந்திரவாதி.

தளபதி காட்டினார், வெறும் இலை. மந்திரி காட்டினார், வெறும் இலை. மிச்சம் ஒரே வாய்ப்பு. கோமளவல்லி முன்னால் வந்தாள்.

"பச்சையே தெரியாத இவளா கண்டுபிடிக்கப் போறா?" என்று கூட்டம் உச்சுக்கொட்டியது.

அவள் மரத்தடிக்குப் போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள்.

கேளுங்கள்! ஊரார் கண்ணுக்கு மரம் முழுக்க ஒரே பச்சை. அந்தப் பச்சைதான் அவர்களை ஏமாற்றியது. கோமளவல்லிக்கு அந்த மரத்தில் தெரிந்ததெல்லாம் வெளிச்சமும் நிழலும்தான். இலைகளெல்லாம் மினுமினுத்தன. நடுக்கிளையில் ஒன்று மட்டும் சொரசொரவென்று மங்கிக் கிடந்தது.

அவள் கையைத் தூக்கினாள். மந்திரவாதி பதறிப்போனான்.

"நில்லு! எல்லோரையும் போல நிறம் பார்க்கும் கண் தருகிறேன். கையை இறக்கு!"

"அந்தக் கண்ணுதான் இங்கே ஆயிரம் இருக்கே, ஒண்ணாவது அவரைப் பார்த்துச்சா? என் கண்ணே எனக்குப் போதும். அதோ, என் புருஷன்!"

பிரம்பு படீரென்று ஒடிந்தது. சடையாண்டி தொப்பென்று குதித்து, "கோமளம்!" என்றான். அவளோ இன்னும் மரத்தையே பார்த்தாள். "பொறுங்க, அங்கே இன்னொருத்தர்! அந்தக் கவட்டில் ஒருத்தர்!"

மாயகேது பச்சோந்தியாக்கியதால் என்றோ காணாமல் போன பதினோரு பேர், அவள் கைகாட்டக் காட்ட, ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். மாயகேது எடுத்தான் ஓட்டம். மகாராஜா சிம்மாசனத்தை விட்டிறங்கி அவளைக் கும்பிட்டார்.

அன்று முதல் பவளக்கோட்டையில் பிள்ளை பிறந்தால், "கோமளவல்லி கண் வாய்க்கட்டும்!" என்றுதான் வாழ்த்துகிறார்கள். கதை கேட்ட உங்கள் பிள்ளைகளுக்கும் அது வாய்க்கட்டும்!