கொக்கு மரத்தடியில் வென்ற கருந்தினை

ஒரு காட்டுக் குளத்தைச் சுற்றி விலங்குகளும் பறவைகளும் தினை விதைத்துப் பிழைத்து வந்தன. அங்கே ஆண்டுதோறும் ஒரு போட்டி உண்டு. அவரவர் விதையை அவரவர் பாத்தியில் போட வேண்டும். யாருடைய கதிர் கனமாக இருக்கிறதோ, அந்த விதையைத்தான் பெருமழைக்குக் காடு முழுவதும் விதைப்பார்கள். அறுவடை விருந்தில் அவர் குடும்பத்துக்கே முதல் பந்தி!

போன ஆண்டு விளைச்சல் மோசம். கடைசிப் பந்தியில் உட்கார்ந்த காடையின் குஞ்சுகள் உமியைக் கிளறிவிட்டுப் பசியோடு திரும்பின.

இந்த ஆண்டு காடையின் கருந்தினை வென்றது. கதிர்கள் நரிவால் போலத் தொங்கின.

"காடையக்கா! இனி காடெல்லாம் உங்கள் விதைதான்!" என்று நடுவரான மயில் தோகையை விரித்து அறிவித்தது. குஞ்சுகள் துள்ளின.

அப்போது காடையின் தலையில் பொத்தென்று ஏதோ விழுந்தது. கொக்கின் எச்சம்! காடை நிமிர்ந்து பார்த்தது. அதன் பாத்திக்கு மேலே நின்ற மரமெங்கும் கொக்குக் கூடுகள்.

"மயிலண்ணே, பொறுங்கள்! என் விதையை இப்போதே காடெல்லாம் போட வேண்டாம்!"

ஜெயித்தவரே இப்படிச் சொன்னால் யார்தான் திகைக்க மாட்டார்கள்?

"என் பாத்தியில் வருடமெல்லாம் எச்சம் விழுந்து மண் உரமேறிக் கிடக்கிறது. ஜெயித்தது விதையா, எச்சமா? எனக்கே தெரியவில்லை!"

"கதிரைத்தான் கண்ணால் பார்த்தோமே!" என்றது முயல்.

"ஒரே இடத்தில், ஒரே தடவை பார்த்தோம். கோடை மழை வருகிறது. மேடு, பாறையோரம், ஓடைக்கரை, புல்வெளி, இந்த மரத்தடி என்று எல்லா இடத்திலும் என் கருந்தினையையும், பாறையோரத்திலேயே காய்த்த முள்ளம்பன்றியண்ணனின் செந்தினையையும் பக்கத்தில் பக்கத்தில் விதைத்துப் பார்ப்போம்!"

"என் விதையா? உங்கள் கதிருக்கு முன்னால் அது சோப்ளாங்கியாக நின்றதே!" என்று முள்ளம்பன்றி கூச்சப்பட்டது.

முயல் விழுந்து விழுந்து சிரித்தது. "கைக்கு வந்த முதல் பந்தியை விடுகிறீர்களே, பைத்தியமா அக்கா?"

"அம்மா, நாம் தோற்றுவிட்டால்?" என்று ஒரு குஞ்சு கேட்டது.

காடை அதைச் சிறகுக்குள் அணைத்துக்கொண்டது. "தோற்றால் நமக்குக் கடைசிப் பந்தி, கண்ணு. தப்பான விதையைக் காடெல்லாம் போட்டால் யாருக்குமே பந்தி இருக்காது."

அந்தச் சின்னப் பறவைக்கு எவ்வளவு பெரிய மனசு! மயிலே அசந்துபோய்ச் சம்மதித்தது.

கோடை மழை பெய்தது. பயிர் முற்றியதும் எல்லாரும் சுற்றி வந்து பார்த்தார்கள். கொக்கு மரத்தடியில் இரண்டு தினையுமே செழித்து நின்றன. புல்வெளியில் கருந்தினை முந்தியது. செந்தினைப் பக்கத்தை மான்கள் மிதித்துத் துவைத்திருந்தன. மேட்டிலும் பாறையோரத்திலும் ஓடைக்கரையிலும் கருந்தினை வாடிச் சுருங்க, செந்தினை மணி மணியாகக் காய்த்திருந்தது!

"அடடா! புல்வெளியை மட்டும் பார்த்திருந்தால் செந்தினையைத் தூக்கி எறிந்திருப்போமே!" என்று முயல் காதைப் பிடித்துக்கொண்டது.

"என் விதை தோற்றது. செந்தினையையே போடுங்கள்!" என்றது காடை. சொல்லும்போது அது குஞ்சுகளின் பக்கம் திரும்பவில்லை.

பெருமழைக்குக் காடெங்கும் செந்தினை விதைத்தார்கள். களம் நிரம்பி வழிந்தது. விருந்து நாளில் காடை தன் குஞ்சுகளைக் கடைசிப் பந்திக்குக் கூட்டிப் போனது.

"காடையக்கா, அங்கே எங்கே போகிறீர்கள்?" என்று முள்ளம்பன்றி ஓடி வந்தது. "மறுபடி விதைத்துப் பார்க்கச் சொன்னது நீங்கள்தானே! இல்லாவிட்டால் இன்றைக்கு யாருக்குச் சோறு இருந்திருக்கும்? பிள்ளைகளா, வாருங்கள்! என் பக்கத்தில் உட்காருங்கள்!"

குஞ்சுகள் முதல் பந்தியில் வயிறு முட்டத் தின்றன.

ஓரிடத்தில் ஒருமுறை கிடைத்த வெற்றியை, அது நம்முடையதே ஆனாலும், பல இடங்களில் மறுபடி சோதித்துப் பார்த்த பிறகே நம்ப வேண்டும்.