மடையான் தூக்கிய கால்

சளக், சளக், சளக். நாணல் புதருக்கு அந்தப் பக்கம் யாரோ தண்ணீரில் நடக்கிறார்கள். ஆளைக் காணோம், சத்தம் மட்டும் ஓயவில்லை.

"மடையானே, ஒரு இடத்துல நில்லேன்டா. கண்ணு மூட விடமாட்டியா?" என்றாள் அத்திமரத்து மந்தி.

"நின்னா கால் அரிக்குது அக்கா."

குரங்குக்கும் கொக்குக்கும் ஒரே பேச்சு இருந்த காலம் அது. அந்தக் காலத்தில் ஓயாமல் நடந்தவன் மடையான் கொக்கு. மந்தியோ கிளையில் உட்கார்ந்தால் வெயில் இறங்கும்வரை அசையமாட்டாள்.

அந்தக் கோடையில் ஏரி வற்றி ஒரே ஒரு மடு மிஞ்சியது. முதலையும் அதற்குள்தான் கிடந்தது. அதற்காகத் தண்ணீர் குடிக்காமல் இருக்க முடியுமா? இருவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டார்கள். முதலை நகர்ந்தால் அடிச்சேறு அதிரும். அது மடையானின் காலுக்குத்தான் தெரியும். மந்தியின் குட்டி குடிக்க இறங்கும்போது அவன் அசையாமல் நின்று காவல் இருக்க வேண்டும். குட்டி கரையேறிய பிறகு மந்தி அத்திப்பழத்தை மடுவில் போடுவாள். பழத்துக்கு மீன் வரும். மீன் அவனுக்கு.

அன்று மந்தியின் ஒரே குட்டி நாக்கு வறண்டு இறங்கியது. அது குனிந்து வாய் வைத்ததுதான் தாமதம், மந்திக்குச் சோம்பல் முந்திக்கொண்டது.

"அப்புறம் யாருடா கையைத் தூக்கறது? இந்தா, இப்பவே பிடி."

தொப்பென்று பழம் விழுந்தது. கெண்டைகள் கூடின. மடையானால் நிற்க முடியவில்லை. ஓர் எட்டு வைத்தான். சேறு அதிர்ந்தது.

"தண்ணி என்னமோ அசையுதேடா?"

"என் காலுதான் அக்கா. வேற யாரு?"

மந்தி கண்ணை மூடினாள். மடையான் அடுத்த எட்டுக்குக் காலைத் தூக்கினான். மறுபடியும் சேறு அதிர்ந்தது. தூக்கிய கால் இன்னும் அந்தரத்தில்தான் இருந்தது.

கத்தினான். மந்தி கண் திறந்து குதிப்பதற்குள் குட்டி இருந்த இடத்தில் வெறும் சுழி.

"நான் பழத்தைப் போடாம இருந்திருந்தா..." என்றாள் மந்தி.

மடையான் தூக்கிய காலைக் கீழே வைக்கவில்லை.

மடையான் ஒற்றைக்காலில் நின்று சேற்றை உற்றுக் கேட்பதும், ஒரு வாய்த் தண்ணீருக்குக் குரங்கு நாலு தடவை நிமிர்ந்து பார்ப்பதும், இருப்புக்கொள்ளாமல் கிளைவிட்டுக் கிளை தாவுவதும் அன்று தொட்டுத்தான்.

பொழுது சாயும் நேரம் பக்கத்து மரத்துத் தங்கையின் குட்டி வந்து மந்தியின் மடியில் ஏறியது. மந்தி மடுவைப் பார்த்தாள், மரத்தைப் பார்த்தாள், மறுபடி மடுவைப் பார்த்தாள். பிறகு குட்டியின் தலைமயிரை விலக்கிப் பேன் பார்க்கத் தொடங்கினாள்.