பச்சையாய் வந்த பதினோரு நிமிஷம்

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்து நாலு, சிஷ்யருக்கு ஐம்பத்திரண்டு. சிரிக்காதீர்கள், சூலூர்ப் பக்கம் அப்படித்தான் அமைந்தது.

குரு, பிரமிளா. குட்டி பொக்லைன் எந்திரங்களை வாடகைக்கு விடும் கம்பெனியில் ஆபீஸ் முழுக்க அவள் பொறுப்பு. பதினாறு எந்திரம், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு சின்னக் கருவி. வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை நேரம் தோண்டியது, எத்தனை நேரம் சும்மா உறுமிக்கொண்டு டீசலைக் குடித்தது, எல்லாம் ஆபீஸ் திரையில் வந்து விழும்.

சிஷ்யர், நாச்சிமுத்து. இருபத்தாறு வருஷம் பஞ்சாலையில் டைம் கீப்பர். எட்டு மணிச் சங்கு ஓய்ந்ததும் கேட்டைச் சாத்திவிடுவார், அப்புறம் சாமியே வந்தாலும் வெளியேதான் நிற்க வேண்டும். ஆலையை மூடிய பிறகு இங்கே வந்தார். திரையைப் பார்த்ததும் மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள் பிரமிளா பூட்டைக் காட்டினாள்.

"வேலை இடத்தைச் சுத்திப் போட்ட எல்லைக்கோட்டை வண்டி தாண்டினா இங்க சிவப்பு எரியுங்ணா. இந்தப் பொத்தானை அமுக்கினா பூட்டு விழும். ஓடுற எஞ்சின் நிக்காது. ஆனா ஒருக்கா அணைச்சா, மறுபடி கிளம்பாது."

"அடேங்கப்பா!"

"அமுக்கறதுக்கு முன்னாடி ஆபரேட்டருக்கு ஒரு போன் போட்டுருங்க."

"எல்லாந்தான் கண்ணு முன்னாடி தெரியுதே அம்மணி. போன் எதுக்கு?"

அவள் பதினாறு ஆபரேட்டர்களின் பெயரும் நம்பரும் இருந்த தாளை எடுத்து, திரையின் மேலேயே ஒட்டினாள். வரைபடத்தில் ஒரு மூலை மறைந்தது.

அவள் அந்தப் பக்கம் போனதும் நாச்சிமுத்து தாளைப் பிய்த்து டிராயருக்குள் போட்டார். நல்ல திரையை இப்படியா பாழாக்குவது!

செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றே கால். பிரமிளா பட்டறைக்குப் போயிருந்தாள். திரையில் ஏழாம் நம்பர் வண்டி சிவப்பானது. ஓட்டுவது இஸ்மாயில். வேலை நடக்கும் இடத்தை விட்டு, ரோட்டைத் தாண்டி, பக்கத்து மனைப்பக்கம் வண்டி போய்க்கொண்டிருந்தது.

"ஓஹோ, கம்பெனி வண்டியில சொந்த வேலையா? என்கிட்டயேவா?"

அமுக்கினார். திரையில் பூட்டுப் படம் விழுந்தது. இருபத்தாறு வருஷம் கேட்டைச் சாத்திய கைக்கு அது எவ்வளவு இதமாக இருந்தது! ஒரு டீ சொல்லியனுப்பினார்.

டீ வருவதற்குள் போன் வந்தது.

"அண்ணா, வண்டி கிளம்ப மாட்டேங்குது!" இஸ்மாயில் கத்தினான்.

"எப்படிடா கிளம்பும்? நான்தான் பூட்டியிருக்கேன்."

"ஐயோ அண்ணா! பக்கத்து மனையில சாக்கடைக் குழி சரிஞ்சு ஆளு உள்ள மாட்டியிருக்காருண்ணா! குரல் எந்தப் பக்கம் வருதுன்னு கேக்கத்தான் எஞ்சினை அணைச்சேன். திறந்து விடுங்கண்ணா!"

நாச்சிமுத்து திறக்கும் பொத்தானை அமுக்கினார். 'கட்டளை காத்திருக்கிறது' என்று திரை சொன்னது. குழிக்குப் பக்கத்தில் வண்டிக்கு சிக்னல் இல்லை. மறுபடி அமுக்கினார், மறுபடி அதே சொல். போனில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது, ஒரு பொம்பளை "ஆறுச்சாமி, ஆறுச்சாமி" என்று அலறுவது கேட்டது. சத்தம் கேட்டுப் பட்டறையிலிருந்து ஓடி வந்த பிரமிளா அவரை விலக்கிவிட்டு, கருவி விற்றவர்களைக் கூப்பிட்டு, என்னென்னவோ செய்தாள். நாச்சிமுத்து சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பதினோரு நிமிஷம் கழித்து எஞ்சின் உறுமிய சத்தம் போனில் வந்தது.

ஆறுச்சாமியை உயிரோடு எடுத்தார்கள். சரிந்த சிமெண்ட் குழாய் ஒன்று தலைக்கு மேல் குறுக்கே கிடந்ததால் மூச்சுக்கு இடம் இருந்திருக்கிறது. இன்னொரு குழாய் இடது காலின் மேல் கிடந்தது. அந்தக் காலை எடுத்துவிட்டார்கள். பதினோரு நிமிஷம் முந்தியிருந்தால் கால் தப்பியிருக்குமா என்று டாக்டர் சொல்லவில்லை. நாச்சிமுத்துவும் கேட்கவில்லை, கேட்க அவருக்குத் தைரியம் இல்லை.

பிரமிளா அவரை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

சனிக்கிழமை, வாராந்தர அறிக்கை தானாகவே வந்து விழுந்தது. நாச்சிமுத்து ஏழாம் நம்பர் பக்கத்தைத் திறந்தார்.

இஸ்மாயில் எல்லை தாண்டி ஓடியது சிவப்பு. ஆறுச்சாமியின் மேலிருந்து மண்ணை ஒதுக்கிய நேரமும் சிவப்பு. அனுமதியில்லாத வேலையாம். நடுவில் அந்தப் பதினோரு நிமிஷம் மட்டும் பளிச்சென்று பச்சை. வீண் ஓட்டம் இல்லை, டீசல் செலவு இல்லை. பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வேறு: 'எல்லை மீறல் உரிய நேரத்தில் தடுக்கப்பட்டது.'

"அடக் கொடுமையே!" நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டார். "அம்மணி, இங்க வந்து பாருங்க! இதைப் போய்ப் பச்சைங்குதே!"

பிரமிளா வந்து பார்த்தாள்.

"எனக்கு நட்சத்திரம் குடுத்திருக்குது அம்மணி. எனக்கு!"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். டிராயரைத் திறந்து, கசங்கிக் கிடந்த தாளை எடுத்து, நீவி, முன்பு இருந்த இடத்திலேயே ஒட்டினார்.

"இந்தக் கலரை மாத்த முடியுங்களா?"

"முடியுங்ணா. நாம என்ன போடறமோ அதுதான் நிக்கும்."

"அப்ப என்னன்னு போடட்டும்?"

பிரமிளா அந்தப் பக்கத்தை மட்டும் அச்செடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"ஆறுச்சாமி பெரியாஸ்பத்திரியில மூணாவது மாடிங்ணா. இதைக் கொண்டுபோய் அவர்கிட்ட காட்டுங்க. அந்தப் பதினோரு நிமிஷம் என்ன கலர்னு அவர் சொல்றாரோ, அதைப் போடுங்க."