வலியின்பம்

வேலங்குளம் ஜமீனில் ஒரு வழக்கம். சவுக்கடி வாங்கியவன் பல்லைக் காட்டிச் சிரித்து, "கை வலிக்குதா எசமான்?" என்று கேட்க வேண்டும். சிரிக்காதவனுக்கு மறுபடியும் விழும்.

பல்லக்குத் தூக்கும் இருளாண்டி அப்படி அடிபட்டுச் சிரித்ததை, அகராதி எழுத வந்திருந்த சபாபதிப் புலவர் பார்த்தார். உடனே ஒரு புதுச் சொல் செய்தார்: 'வலியின்பம். தான் படும் துன்பத்தில் தானே மகிழ்தல்.'

அதைக் கேட்ட ஜமீன்தாருக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை. "டேய் இருளாண்டி, இந்த இன்பம் உங்களுக்கு எங்கிருந்துடா வந்தது? சொல்லாட்டி தோலை உரிச்சிடுவேன்."

"வாயால சொன்னா விளங்காது எசமான். புலவரய்யா முதுகுல ஒண்ணு போட்டுப் பாருங்க."

ஜமீன்தாருக்கு வேடிக்கை என்றால் உயிர். சவுக்கைச் சொடுக்கினார். புலவர் துடித்துப்போனார். சவுக்கு மறுபடியும் ஓங்குவதைக் கண்டதும் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "கை வலிக்குதா எசமான்?" என்றார்.

"அங்கிருந்துதானுங்க வந்தது" என்றான் இருளாண்டி.

அந்த வாய்க்கொழுப்புக்கு அன்றைக்கு அவன் முதுகு கிழிந்தது. ஒவ்வொரு அடிக்கும் சிரித்தான். புலவர் தலை குனிந்துகொண்டார். ஆனாலும் அந்தச் சொல்லை அகராதியிலிருந்து எடுக்கவில்லை. ஜமீன்தாருக்கு அது பிடித்துப்போயிருந்தது.