பெயர் செப்பேட்டில், கால் களிமண்ணில்

முன்னொரு காலத்தில், வருடத்தை ஆட்டம் உள்ள மாதம், ஆட்டம் இல்லாத மாதம் என்று இரண்டாகப் பிரித்து வைத்திருந்த ஒரு நாடு இருந்தது. தை அறுப்பு முடிந்ததும் ஆற்றுக்கு அக்கரை நாட்டாரோடு ஒரு காற்பந்தாட்டம். பக்கத்துக்குப் பதினொரு பேர். தேங்காய் நார் அடைத்த தோல் பந்து. மைதானத்தின் இரு முனையிலும் மூங்கிலில் கட்டிய தோரண வாசல். எதிராளியின் வாசலுக்குள் பந்தை அதிகமுறை உதைத்து அனுப்பியவர்களுக்கு வெற்றி. மழை மாதங்களில் ஆட்டம் கிடையாது. அப்போது அடுத்த தைக்கு யாரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்புவது என்று சபை பேசிக்கொண்டே இருக்கும்.

அந்த நாட்டை ஆண்ட கொற்றவேல் ராசாவின் அணி ஏழு வருடமாகத் தோற்றுக்கொண்டிருந்தது. எட்டாவது வருடம் ஐப்பசி முதல் நாள் ராசா வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்:

"அக்கரையில் ஒரு எருமைக்கு என் பெயரை வைத்திருக்கிறார்களாம். வரும் தைக்கு எனக்குப் புதிய அணி வேண்டும்!"

சபை கலகலத்தது. ஒருவர், அக்கரையாரின் முன்வரிசை ஆட்டக்காரனை இரண்டு யானை கொடுத்து வாங்கிவிடலாம் என்றார். இன்னொருவர், மலைநாட்டிலிருந்து ஒரு மல்லனைக் கொண்டுவந்து தோரண வாசலில் நிறுத்தினால் வாசலே அடைபட்டுவிடும் என்றார். மூன்றாமவர் கச்சையின் நிறத்தை மாற்றலாம் என்றார். ஆனால் யாரை நீக்குவது என்று ராசா கேட்டதும் சபை கப்சிப். காரணம் இருந்தது. அணியில் இருந்த பதினொரு பேரும் அந்தச் சபையில் உட்கார்ந்திருந்தவர்களின் பிள்ளைகள், மருமகன்கள், மைத்துனன்கள்.

பிரதானி அம்பலராயர் எழுந்தார். அணியின் தலைவன் சித்திரசேனன் அவருடைய ஒரே மகன்.

"மகாராசா, பதினொரு பெயரையும் தங்கள் திருக்கரத்தாலேயே செப்பேட்டில் பொறித்துக் கொடுத்தீர்கள். இதில் ஒரு பெயரை அழித்தவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று கீழே எழுதியும் இருக்கிறது. புதுப் பெயர் சேர்க்க அதில் ஒரு விரல்கடை இடமும் இல்லை."

"பெயரை அழிக்கவும் கூடாது, சேர்க்கவும் கூடாது. ஆனால் புதிய அணி வேண்டும். எப்படி?" என்று ராசா எரிந்து விழுந்தார்.

அம்பலராயரின் பார்வை சபையின் கடைசித் தூணுக்குப் போயிற்று. அங்கே கோரைப் பாயில் விகடகவி சடைச்சி உட்கார்ந்திருந்தாள்.

சடைச்சி உப்பளத்துப் பெண். அவள் குடியில் எழுத்துப் படித்த முதல் ஆள் அவள்தான். உப்பளம் பார்க்க வந்த ராசாவிடம் ஒருமுறை பதிலுக்குப் பதில் பேசினாள். அந்த வாய் பிடித்துப்போய் ராசா அவளைச் சபையில் சேர்த்தார். அன்றிலிருந்து அந்தக் கோரைப் பாய் அம்பலராயரின் கண்ணை உறுத்தியது. உப்பு வாரிய கை ஓலையைத் தொடுவதா என்று வாய்விட்டே சொல்லுவார். சடைச்சி காதில் விழும்படிதான் சொல்லுவார்.

"புத்திசாலி என்று தாங்கள் சேர்த்த ஆள் இருக்கையில் நாங்கள் எதற்கு? இந்த வேலையை அவளே செய்யட்டும். தையில் தோற்றால் அவளும் போகட்டும். இனி உப்பளத்துக் குடியிலிருந்து எவரும் அரண்மனைப் படி ஏறக்கூடாது என்று ஆணை பிறக்கட்டும்."

எருமை நினைப்பிலேயே இருந்த ராசா, "அப்படியே ஆகட்டும்" என்று சொல்லிவிட்டார்.

சடைச்சி எழுந்தாள். உப்பளத்தில் ஏழு பிள்ளைகள் இப்போதுதான் மணலில் எழுத்துப் பழகிக்கொண்டிருந்தன. அதுகளுக்கு எழுத்து சொல்லிக் கொடுப்பவள் அவள்தான். படியை அடைத்துவிட்டால் அந்தப் பிள்ளைகள் எழுதி என்ன செய்யும்? அழுகை வரவில்லை அவளுக்கு. ஆத்திரம்தான் வந்தது.

"சரி மகாராசா" என்றாள். "ஒரு பெயரை அழிக்கமாட்டேன். ஒரு பெயரைச் சேர்க்கமாட்டேன். புதிய அணி தருகிறேன்."

மறுநாள் விடியலில் நல்ல மழை. தலையில் ஒரு கோணிச் சாக்கைப் போட்டுக்கொண்டு மைதானத்துக்குப் போனாள். மழை மாதங்களில் தினமும் விடியல் முரசுக்கு அணி வந்து நிற்கவேண்டும் என்பது ராச ஆணை. முரசுக்காரர் இருளப்பர் பெயர் கூப்பிட்டார்.

"பிரதானி மகன் சித்திரசேனன்!"

"உள்ளேன்!"

குரல் கொடுத்தவனைப் பார்த்ததும் சடைச்சிக்குக் குழப்பம். தலைமுடியில் புல் ஒட்டியிருந்தது. தோளில் புல்கட்டுச் சுமந்த தழும்பு. பிரதானி வீட்டுக் குதிரைக்குப் புல்லறுக்கும் பேச்சிமுத்து அவன். அடுத்த பெயருக்கு ஒரு பல்லக்குத் தூக்கி "உள்ளேன்" என்றான். அதற்கடுத்து ஒரு வண்ணார். பதினொரு பெயரும் முடிந்தன. பெயருக்குரிய ஒருவன்கூட அங்கே இல்லை.

"என்ன அண்ணாச்சி கூத்து இது?"

"ஏழு வருசமா இதான் கூத்து, தாயி. மழையில நனைஞ்சா அவுகளுக்குச் சளி பிடிக்குமாம். வேலைக்காரன அனுப்பிருவாக. தை மாசம் ஆட்டத்துக்கு மட்டும் பட்டுக் கச்சையோட வந்து நிப்பாக."

பிறகு பதினொரு பேரும் ஆடத் தொடங்கினார்கள். முழங்கால் சேற்றில் பந்து ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்குப் போன வேகத்தைப் பார்த்து சடைச்சி நனைவதை மறந்தாள். பேச்சிமுத்து பாதி மைதானத்திலிருந்து உதைத்த பந்து தோரணத்தின் இரண்டு மூங்கிலுக்கும் நட்டநடுவே போய் விழுந்தது. ஏழு மழைக்காலம் பழகிய கால்.

ஆட்டம் முடிந்ததும் அவனிடம் போனாள்.

"நீ தையில ஆடினா ஜெயிப்பியா?"

"என்னக்கா கேள்வி இது? ஜெயிப்போம். ஆனா எங்கள எவன் ஆட விடுவான்? வாயத் தொறந்து கேட்டாலே சவுக்கால வெளுத்துருவாக."

"நீ வாயத் தொறக்க வேண்டாம். காலு மட்டும் குடு."

"கால வாரி விட்ராதக்கா."

"வாரத்தான் போறேன். உன் கால இல்ல."

அன்றே சபைக்குப் போய் ஒரே ஒரு அனுமதி கேட்டாள். "அக்கரையார் நம் அணிக்குள் வேஷக்காரனை நுழைத்துவிடலாம், மகாராசா. விடியல் முரசுக்கு வருகிற ஒவ்வொருவரின் வலது காலையும் களிமண் ஓட்டில் பதியவைத்துச் சூளையில் சுட்டுக்கொள்கிறேன். ஆட்டத்தன்று ஓட்டில் உள்ள காலும் வந்த காலும் பொருந்தினால்தான் மைதானத்துக்குள் விடவேண்டும். வெல்லும்வரை எவரையும் பெயர் கேட்கக்கூடாது."

"இதுதான் உன் புதிய அணியா? கால் பார்த்து ஜோசியம் சொல்லப் போகிறாயாக்கும்" என்று அம்பலராயர் சிரித்தார். சபையும் சேர்ந்து சிரித்தது. ராசா அனுமதி கொடுத்தார்.

எட்டாம் நாள் சுட்ட ஓடுகள் பதினொன்றும் சபைக்கு வந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், கீழே ஒரு கால். சடைச்சி முதல் ஓட்டை அம்பலராயர் முன் வைத்தாள்.

"பிரதானி அவர்களே, விடியல் முரசில் சித்திரசேனன் என்று கூப்பிட்டபோது உள்ளேன் என்று சொன்னவரின் கால் இது. உங்கள் மகன் கால்தானே? இல்லையென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள். மழையில் அவருக்குப் பதிலாக நின்றது யார் என்று விசாரித்துவிடலாம்."

அம்பலராயர் ஓட்டைப் பார்த்தார். அகன்ற பாதம். விரல்கள் ஆளுக்கொரு திசை. குதிகால் கோடைக் குளம் மாதிரி வெடித்துக் கிடந்தது. ராசா ஆசனத்தை விட்டு இறங்கி வந்துவிட்டார்.

"அம்பலராயரே, உம் மகன் காலில் இவ்வளவு வெடிப்பா?"

"பயிற்சி, மகாராசா! எல்லாம் பயிற்சி!" என்றார் பிரதானி. வாய் திறந்தபின் நிறுத்த முடியவில்லை. "இதோ பாருங்கள், சக்கர ரேகை. எங்கள் பரம்பரைக்கே உள்ளது. என் தகப்பனாருக்கும் இதே கால்தான்."

"ஆகா!" என்றார் ராசா. "முத்திரை வையுங்கள்."

பொய்யாக முத்திரை வைத்தவன் பதவி இழப்பான் என்பது அந்த நாட்டுச் சட்டம். அம்பலராயர் ஒரு கணம் மோதிரத்தைத் தடவினார். முத்திரை வைக்காவிட்டால் ஏழு வருடத்துப் பொய் இன்றைக்கே வெளியாகும். வைத்தால் தை மாதம் வரை சமாளிக்கலாம். அரக்கை உருக்கி வைத்துவிட்டார். மற்ற பத்துப் பேரும் வரிசையாக வந்து, தங்கள் வீட்டுக் கால்களை ஒருவரை ஒருவர் மிஞ்சிப் புகழ்ந்துவிட்டு முத்திரை வைத்தார்கள். சடைச்சி ஓடுகளை வாங்கி ராசாவின் கருவூலத்திலேயே வைத்துப் பூட்டச் சொன்னாள்.

அதன்பிறகு எண்பது நாள். சடைச்சி ஒரு விடியலைக்கூடத் தவறவிடவில்லை. யார் முன்னால் நின்றால் பந்து வேகமாகப் போகிறது, யார் பின்னால் நின்றால் வாசல் பிழைக்கிறது என்று இடம் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பல்லக்குத் தூக்கியைப் பின்வரிசைக்குக் கொண்டுபோனாள், இடித்தாலும் அசையமாட்டான். துவைகல்லில் நின்று பழகிய வண்ணாரை வாசலில் நிறுத்தினாள்; வழுக்கினாலும் விழமாட்டார். பட்டுக்கச்சைப் பிள்ளைகள் போர்வைக்குள் தூங்கினார்கள்.

தை வந்தது. மைதானத்தைச் சுற்றி இரண்டு நாட்டு சனமும். உப்பளத்து ஆட்கள் ஒரு ஓரமாகப் பேசாமல் நின்றிருந்தார்கள். சித்திரசேனன் மாலையும் பட்டுக் கச்சையுமாக மேளதாளத்தோடு வந்தான். நுழைவாயிலில் ஓடுகள் வரிசையாக இருந்தன.

"மிதியுங்கள், ஐயா" என்றாள் சடைச்சி.

அவன் மிதித்தான். இளம் வாழைக்குருத்து மாதிரி அந்தப் பாதம் ஓட்டின் பள்ளத்துக்குள் முழுகிப்போய், சுற்றிலும் நாலு விரல் இடம் மிச்சம் இருந்தது.

"வேஷக்காரன்!" என்று சடைச்சி கத்தினாள். "அக்கரை ஒற்றன்! பிடியுங்கள்!"

காவலர்கள் பாய்ந்து பிடித்தார்கள். சித்திரசேனன் அலறினான். "அப்பா! சொல்லுங்கப்பா!"

ராசா திரும்பினார். "பிரதானியாரே, இவன் உம் மகனா? அப்படியானால் உம் முத்திரை உள்ள இந்தக் கால் யாருடையது?"

அம்பலராயர் மகனைப் பார்த்தார். ஓட்டைப் பார்த்தார். தன் மோதிரத்தைப் பார்த்தார். பதவியா பிள்ளையா என்று அவர் நெடுநேரம் யோசிக்கவில்லை.

"இவன்... யாரோ, மகாராசா. முன்பின் பார்த்ததில்லை."

மற்ற பத்து அப்பாக்களும் மாமனார்களும் மைத்துனர்களும் வானத்தைப் பார்த்துக்கொண்டார்கள். மற்ற பத்துப் பட்டுக் கச்சைகளும் ஓட்டை மிதிக்காமலே கூட்டத்துக்குள் கரைந்துபோயின.

சடைச்சி கூட்டத்தைப் பார்த்து ஒரு விரலை அசைத்தாள். பேச்சிமுத்து வந்தான். முடியில் இன்றும் புல். ஓட்டில் காலை வைத்தான். அச்சில் வார்த்த மாதிரி உட்கார்ந்தது.

"இவர்தானே சித்திரசேனன்?" என்று சடைச்சி கேட்டாள்.

"ஆ... ஆமாம்" என்றார் பிரதானி. "என் மகன்தான்."

"அப்பா" என்றான் பேச்சிமுத்து பணிவாக, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க. ஆடணும்."

பிரதானி அம்பலராயர் தம் கையால் செம்பை எடுத்துக் கொடுத்தார்.

மற்ற பத்து வேலைக்காரர்களும் தங்கள் ஓடுகளை மிதித்து உள்ளே வந்தார்கள். பிறகு நடந்ததை அந்த நாட்டில் கண் தெரிந்தவர் எல்லாரும் பார்த்தார்கள். அக்கரையார் முதல் பந்தை வாசலுக்குள் அனுப்பினார்கள். உப்பளத்து ஓரத்தில் யாரோ தலையில் கைவைத்தார்கள். சடைச்சி நகரவில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். பிறகு பல்லக்குத் தூக்கி ஒரு பந்தைத் தடுத்து முன்னால் தள்ளினான், பேச்சிமுத்து அதைப் பாதி மைதானத்திலிருந்தே உதைத்தான். ஒன்றுக்கு ஒன்று. அப்புறம் இரண்டு. சூரியன் பனைக்குக் கீழே இறங்கும்போது மூன்று. வண்ணார் வாசலுக்குள் அதன்பின் ஒரு பந்தும் போகவில்லை.

ராசா மைதானத்துக்குள் ஓடியே வந்துவிட்டார்.

"சடைச்சி, இனிப் பெயர் கேட்கலாம் அல்லவா? இவர்கள் யார்?"

அவள் சொன்னாள். புல்லறுப்பவர், பல்லக்குத் தூக்குபவர், துணி வெளுப்பவர் என்று பதினொரு பேரையும் அவரவர் பெயரோடு சொன்னாள். ஏழு வருடத்து உள்ளேன்களையும் சொன்னாள்.

"செப்பேட்டில் ஒரு பெயரை நான் அழிக்கவில்லை, மகாராசா. ஒன்றைச் சேர்க்கவும் இல்லை. அந்தப் பெயர்களுக்கு உள்ளேன் என்று சொன்னவர்கள் ஆடினார்கள். அவ்வளவுதான்."

"ஏழு வருடமாக எனக்கு ஏன் இது தெரியவில்லை?"

"ஒரு நாள் மழையில் நனைந்திருந்தால் தெரிந்திருக்கும்."

ராசாவின் மீசை துடித்தது. அப்புறம் அம்பலராயர் கையில் இருந்த காலிச் செம்பு அவர் கண்ணில் பட்டது. அங்கே தொடங்கிய சிரிப்பு, தோளில் கிடந்த சால்வை நழுவி விழும்வரை நிற்கவில்லை.

"அம்பலராயரே! பெற்ற பிள்ளையையே யாரோ என்றீரே! பொய் முத்திரைக்குப் பதவி போகவேண்டும். ஆனால் அதைவிட இது நன்றாயிருக்கிறது. நீர் முத்திரை வைத்த மகன் உம் வீட்டில் உம் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடட்டும். அந்த யாரோவைக் குதிரைக்குப் புல்லறுக்க அனுப்பும்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சடைச்சி பக்கம் திரும்பினார். "உனக்கு என்ன வேண்டும்? கேள்."

"இந்தப் பதினொரு பெயரையும் செப்பேட்டில் பொறிக்கவேண்டும்."

"அதில்தான் இடமில்லையே!"

"திருப்பிப் பாருங்கள், மகாராசா. பின்பக்கம் வெறுமையாகத்தான் கிடக்கிறது."

ராசா மறுபடியும் சிரித்தார். அன்றே தட்டான் வந்தான். பேச்சிமுத்துவின் பெயர் முதல் வரியில் ஏறியது. காராம்பசுப் பாவத்தையும் மறக்காமல் கீழே பொறித்தார்கள். கோரைப் பாய் கடைசித் தூணிலிருந்து ராசாவின் ஆசனத்துக்குப் பக்கத்தில் வந்தது.

செப்பேட்டைச் சபைச் சுவரில் மாட்டும் நாளில் உப்பளத்துப் பிள்ளைகள் ஏழும் அரண்மனைப் படியேறி வந்தன. எந்தப் பக்கம் வெளியே தெரியவேண்டும் என்று சடைச்சி யாரையும் கேட்கவில்லை. சுத்தியலை வாங்கித் தானே ஆணியடித்து மாட்டினாள். பிள்ளைகள் பேச்சிமுத்து என்று எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தன. சித்திரசேனன் பெயரை அன்றிலிருந்து சுவர் மட்டுமே படித்துக்கொண்டிருக்கிறது.