கணீரனின் கன்னத்துத் தேனடை

மலைச்சரிவில் ஒரு பெரிய அத்திமரம். அதில் வாழ்ந்த குரங்குக் கூட்டத்துக்குக் கணீரன்தான் காவல். உச்சிக் கிளையில் இருந்து அவன் ஒரு சத்தம் போட்டால் சரிவு முழுக்கக் கேட்கும். தரையில் மேயும் குரங்குகள் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு மரமேறி, சிறுத்தை எட்ட முடியாத மெல்லிய கிளைகளுக்குப் போய்விடும். அந்தக் குரலால் சிறுத்தை பல நாள் பட்டினி கிடந்தது. சிறுத்தையின் மிச்சத்தைத் தின்று பிழைத்த நரியின் வயிறும் காய்ந்தது.

மார்கழி வந்தது. சாப்பிட்டதும் ஓடைக்குப் போய் வாய் கொப்பளிப்பது கணீரனின் வழக்கம். அன்று ஒரு வாய் தண்ணீர் எடுத்ததுமே பல் கூசி மண்டை வரை ஏறியது.

"பங்குனியில பாத்துக்கலாம்" என்று திரும்பிவிட்டான்.

புதருக்குள் இருந்த நரி இதைக் கேட்டது. மறுநாள் ஒரு தேனடையோடு மரத்தடிக்கு வந்தது.

"காவல்காரரே, இந்தக் குளிர்ல வாயைத் திறந்தா உள்ள இருக்கிற சூடெல்லாம் வெளியே போயிடும். குரங்குக்குக் கன்னத்துல பை எதுக்கு இருக்கு? இதை அதுல அடக்கிக்கிட்டுத் தூங்குங்க. விடியக்காலையில இரை தேடி நடுங்க வேண்டாம்."

கணீரனுக்கு யோசனை பிடித்துப்போனது. சோம்பேறிக்கு வேலையைக் குறைக்கிற யோசனையை யார் சொன்னாலும் பிடிக்கும். அன்று முதல் தூங்கும்போது ஒரு கன்னம் நிறையத் தேனடை. கொப்பளிப்பது இல்லை, குச்சியால் துலக்குவது இல்லை, குளிருக்குப் பயந்து தண்ணீர் குடிப்பதும் குறைந்தது. உதடு வெடித்தது. ஈறில் ரத்தம் கசிந்தது.

"அண்ணே, உன் வாய் நாறுது" என்றாள் பக்கத்துக் கிளையில் இருந்த அவன் தங்கை மிளகி.

"பனிக்காலத்துல யாருக்குத்தான் நாறல? நீ வேணும்னா அந்தப் பக்கம் திரும்பி உக்காரு."

அவள் திரும்பித்தான் உட்கார்ந்தாள். பாவம், காற்றும் அந்தப் பக்கமே வீசியது.

சில நாளில் கணீரனின் கன்னம் அத்திக்காய் அளவுக்கு வீங்கியது. நரி மறுபடி வந்து, "இன்னும் கொஞ்சம் தேன் வைங்க, வலி அடங்கிடும்" என்று கரிசனமாகச் சொன்னது. கணீரன் அதையும் கேட்டான். மறுநாள் அவன் தாடை இறுகிவிட்டது. நரி நேரே சிறுத்தையிடம் ஓடியது.

"காவல்காரன் வாய்க்குப் பூட்டுப் போட்டாச்சு! இன்னைக்குச் சாயங்காலம் தைரியமா வாங்க."

சாயங்காலம் பனிமூட்டம் மெல்ல இறங்கியது. மிளகி தன் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு, மரத்தடியில் இருந்த பாறைக்குழியில் குனிந்து தண்ணீர் அள்ளிக்கொண்டிருந்தாள். புல்லுக்குள் புள்ளி புள்ளியாக ஏதோ நகர்வதைக் கணீரன் பார்த்தான். சிறுத்தை!

வாயைத் திறக்கப் பார்த்தான். முடியவில்லை. "ம்ம்... ம்ம்..." என்ற முனகல்தான் வந்தது. அது கீழே கேட்கவேயில்லை. சிறுத்தைக்கும் மிளகிக்கும் நடுவே இன்னும் ஒரு பாய்ச்சல் தூரம்தான்.

கணீரன் கிளையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினான். அத்திக்காய்கள் சடசடவென்று மிளகியின் தலையில் விழுந்தன. திட்டுவதற்காக அவள் நிமிர்ந்தாள். அண்ணனின் மிரண்ட முகத்தைப் பார்த்ததும் திட்டு தொண்டையிலேயே நின்றது. ஒரே தாவலில் மரத்தைப் பிடித்தாள். சிறுத்தையின் நகத்தில் சிக்கியது அவள் வால் நுனியின் நாலு முடிதான்.

சிறுத்தை, பின்னாலேயே வந்திருந்த நரியின் பக்கம் திரும்பியது. நரி அங்கே நிற்கவில்லை.

கணீரனுக்கு அழுகை வந்தது. வாயைப் பொத்திக்கொண்டு, "நான் இனிக் காவலுக்கு லாயக்கில்ல" என்று முனகினான்.

"அதை அப்புறம் பாக்கலாம். முதல்ல கீழ வா" என்றாள் மிளகி.

சிறுத்தை போன பிறகு அவனைப் பாறைக்குழிக்கு அழைத்துப் போனாள். கணீரன் தயங்கித் தயங்கிக் கையை விட்டான். தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தது!

"பகல் பூரா வெயில் பட்ட பாறை. இருட்டுற வரைக்கும் சூடு இருக்கும். மார்கழி பொறந்ததுல இருந்து படுக்கப் போறதுக்கு முன்னாடி நான் இங்கதான் கொப்பளிக்கிறேன். ஓடை மட்டுமா தண்ணி? வாய் நாறுதுன்னு சொன்னப்போ, 'நீ என்ன பண்றே'ன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

கணீரன் வெதுவெதுப்பான தண்ணீரை மெல்ல உறிஞ்சிக் கொப்பளித்தான். தாடை கொஞ்சம் இளகியதும் பல்லிடுக்கில் இருந்த மெழுகை மிளகி மெல்லிய குச்சியால் எடுத்தாள். சொத்தையான ஒரு கடைவாய்ப்பல் மெழுகோடு சேர்ந்து வந்துவிட்டது. அது போனது போனதுதான். ஆனால் தினமும் கொப்பளிக்கக் கொப்பளிக்க வீக்கம் வடிந்தது, ஈறு ஆறியது, உதட்டு வெடிப்பும் மறைந்தது.

தை பிறந்தபோது நரி இன்னொரு தேனடையோடு வந்தது. பின்னால் புதரில் சிறுத்தை பதுங்கியிருந்தது.

"வலி எப்படி இருக்கு காவல்காரரே?"

கணீரன் தேனடையை வாங்கி ரசித்துச் சாப்பிட்டான். பாறைக்குழிக்குப் போய் நன்றாகக் கொப்பளித்தான். பிறகு உச்சிக் கிளைக்கு ஏறி, வாயை அகலத் திறந்து போட்டான் ஒரு சத்தம்! சரிவில் இருந்த அத்தனை குரங்குகளும் மரமேறின. சிறுத்தை எழுந்து, நரியை ஒரு முறை முறைத்துவிட்டு நடந்தது.

குளிரைச் சாக்குச் சொல்லி வாயைப் பேணாமல் விட்டால், உயிர் போகிற நேரத்தில் அந்த வாய் நமக்கு உதவாது.