காலி நாற்காலியின் வாக்கு

ஊராட்சித் தலைவர் சென்னியப்பனுக்கு ஒரு சாயப்பட்டறை போதவில்லை. இன்னொன்று கட்டக் கிராமசபை சம்மதிக்க வேண்டும். ஆளுக்கொரு வாக்குக் கருவி கொடுத்தார்கள். பச்சை சம்மதம், சிவப்பு மறுப்பு. யார் எதை அழுத்தினாலும் பெயரோடு திரையில் தெரியும்படி தலைவரே ஏற்பாடு செய்திருந்தார்.

கருவிகளை இயக்கும் தற்காலிக ஊழியர் மயிலாத்தாவிடம், "ஒரு சிவப்புகூட விழக் கூடாது. விழுந்தா உனக்கு இங்கே வேலை இல்லை," என்றார்.

"சரிங்க. கருவி வேலை செய்யுதான்னு முதல்ல பேரில்லாம ஒண்ணு கேட்டுப் பாத்துக்கறனுங்க."

தலைவர் தலையாட்டினார். மயிலாத்தா மைக்கில் கேட்டாள்:

"பட்டறைக்குப் பக்கத்துக் கிணத்துத் தண்ணிய உங்க பிள்ளைக்குக் குடுப்பீங்களா?"

நூற்றுப் பதின்மூன்று கருவிகளில் நூற்றுப் பன்னிரண்டு சிவப்பு. சோதனைதானே என்று யோசிக்காமல் தலைவர் அழுத்தியதும் அதில் சேர்த்தி.

தலைவர் முகம் கறுத்தது. "ஒருத்தர் மறுக்கலையே. அந்த நல்ல மனுசன் யாரு?"

மயிலாத்தா முன்வரிசையில் காலியாக இருந்த நாற்காலியைக் காட்டினாள். அதன்மேல் ஒரு கருவி கிடந்தது.

"என் வீட்டுக்காரருங்க. உங்க ஆபீஸ் பட்டியல்ல இன்னும் பேரை எடுக்கலை. அந்தத் தண்ணியக் குடிச்சுத்தான் போய்ச் சேர்ந்தாரு."

பிறகு பட்டறைக்குச் சம்மதமா என்று பெயரோடு கேட்டபோதும் ஒரு பச்சைகூட விழவில்லை; தலைவரும் அழுத்தவில்லை. கூட்டம் கலைந்ததும் கருவிகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்த மயிலாத்தா, அந்த நாற்காலிக்கு மட்டும் கடைசியாகப் போனாள்.